இராமையாவின் அரைச் சுற்று

பதுளையில் பசறை ரோட்டோரம் கராஜ் வைத்திருக்கும் இராமையா பாஸைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். தொழில் தெரிந்த மேஸ்திரியை இங்கே பாஸ் என்போம். கைராசிக்காரன் என்பார்கள். அலுமினியத்தில் திருகுப் புரி போனால் அவனை விட்டால் ஆளில்லை என்பார்கள். சொல்லட்டும். அவன் என் கூடப்பிறந்த தம்பி. இடுப்பில் துணி இல்லாமல் தோட்டத்து லயத்து வாசலில் உருண்ட காலத்திலிருந்து அவனைப் பார்த்தவள் நான். ஊருக்குத் தெரிந்த இராமையா வேறு, எனக்குத் தெரிந்த இராமையா வேறு. எனக்குத் தெரிந்தவனைச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர்கள் ஒரு சொல்லையும் மென்மையாக்க வேண்டாம்.

அவனுக்குப் பலம் உண்டு. அதில் குறை சொல்ல மாட்டேன். தேயிலைக் கொழுந்து மூட்டையை ஒற்றைக் கையால் லொறியில் ஏற்றுவான். ஆனால் ஆண்டவன் அந்தக் கைக்கு முறுக்கத்தான் சொல்லிக் கொடுத்தான், நிறுத்தச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டான். போத்தல் மூடியா, லாம்பு மூடியா, தண்ணீர்ப் பைப்பா, எதைத் தொட்டாலும் அது தானாக இறுகி நின்ற பிறகு மூச்சைப் பிடித்து இன்னும் அரைச் சுற்று வைப்பான். "நான் முறுக்கினா எமனே வந்தாலும் கழட்ட ஏலாது" என்று நெஞ்சை நிமிர்த்துவான். எமன் எதற்கு வருகிறான்? மண்ணெண்ணெய் ஊற்ற லாம்பைத் திறக்க வேண்டியவள் நான்தானே.

மடுல்சீமை லயத்தில் எங்கள் காம்பரா அறையில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு இருந்தது. அடி ஒரு துண்டு, தண்டு ஒரு துண்டு, தட்டு ஒரு துண்டு. வெள்ளிக்கிழமை கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து மறுபடி பூட்டுவோம். பெண்பிள்ளைகள் விரலால் பூட்டுகிற சாமான் அது. இவன் தேயிலை ஸ்டோரில், அதுதான் தொழிற்சாலையில், மெக்கானிக்காகச் சேர்ந்த புதுசு. மெக்கானிக் வீட்டில் விளக்கு ஆடலாமா என்று எடுத்து முறுக்கி வைத்தான். அடுத்த வெள்ளி யார் யாரோ வந்து பார்த்தும் கழலவில்லை. ஸ்டோரிலிருந்து பெரிய ஸ்பேனர் கொண்டுவந்து பிடித்துத் திருகினான். கழன்றது. கூடவே உள்ளே இருந்த புரியும், சிரைத்த மயிர் மாதிரி, சுருள் சுருளாக வந்தது. அன்றிலிருந்து அந்த விளக்கு கள்ளுக் குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

"பித்தளையே மட்டம்மா" என்றான் அம்மாவிடம்.

அதுதான் இராமையா. தப்பு எப்போதும் உலோகத்தினுடையது.

இவ்வளவு சொல்லிவிட்டு வேலை தெரியாதவன் என்று சொன்னால் அது பொய். தெரியும். அதுதான் எனக்கு ஆத்திரம். ஸ்டோரில் இருந்த பெரிய பாஸ் அவனுக்கு எல்லாம் காட்டிக் கொடுத்திருந்தார். இரும்பு அடியைத் தாங்கும், அலுமினியம் தாங்காது. அதில் புரி அழிந்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. ஓட்டையைச் சுத்தமாகப் பெரிதாக்கி, அந்தப் பெரிய ஓட்டையில் புதுப் புரி வெட்ட வேண்டும். உள்ளேயும் வெளியேயும் புரி வைத்த ஒரு பித்தளைக் குழலை லேத்தில் கடைந்து, அதில் ஏற்றி, அது சுழலாதபடி விளிம்பில் தட்டிவிட வேண்டும். அதற்குப் புஷ் என்று பெயர். பிறகு திருகாணி பித்தளையைத்தான் பிடிக்கும், அலுமினியத்தைத் தொடாது. அந்தக் காலத்துக் கிழவிகள் தொங்கும் காது ஓட்டைக்குள் ஓலையைச் சுருட்டி வைத்துத் தோடு போடுவார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. தெரியாமல் கெடுக்கிறவனைப் பாவம் என்று விட்டுவிடலாம். தெரிந்து கெடுக்கிறவனை என்ன செய்வது?

கராஜ் போட்டுப் பதுளைக்குப் போனபிறகு அவன் நடையே மாறிவிட்டது. சட்டைப் பையில் ஸ்பேனர் ஒன்று எட்டிப் பார்க்கும். லயத்துக்கு வந்தால் உட்கார மாட்டான், கதவுக் கீலைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

என் மகள் வள்ளியம்மையின் கல்யாணம் வந்தது. வெளிநாட்டுச் சாமான் ஒன்றுமே நாட்டுக்குள் வராத, மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் வாழ்ந்த காலம் அது. அவளுக்கு ஏற்கெனவே ஓர் இடம் பேசி நின்று போயிருந்தது. அந்த வீட்டாருக்கு இந்தியா போகிற பத்திரம் வந்துவிட்டது, சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறிவிட்டார்கள். அதை வைத்து லயத்தில் எத்தனை வாய் பேசியது என்று எனக்குத்தான் தெரியும். இரண்டாவதாக வந்தது பூனாகலைப் பையன். தங்கமானவன். அவன் அம்மா ராமலட்சுமி மட்டும் கொஞ்சம் காரம். பரிசம் போட்ட அன்றே சபையில் சொல்லிவிட்டாள்.

"எங்க குடும்பத்துல முகூர்த்தம் தப்பித் தாலி கட்டினதில்லைங்க. பொண்ண எங்க தோட்டத்துக் கோயிலுக்கு நேரத்தோட கொண்டாந்து சேர்த்திருங்க. நேரம் போச்சுன்னா, வந்த வழியிலேயே கூட்டிட்டுப் போயிரலாம்."

ஒரு தடவை நின்ற பெண் இன்னொரு தடவை மாலையோடு திரும்பினால் பிறகு அவளை யார் கேட்பார்கள்? எனக்குத் தூக்கம் போனது. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, பதுளையில் மாறி, பண்டாரவளையில் மாறிப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் யோசித்துக்கொண்டிருந்தார். வந்து நின்றான் இராமையா.

"தாய்மாமன் நான் ஒருத்தன் இருக்க, என் மருமக பஸ்ஸுல இடிபட்டா போவா? ஸஹாப்தீன் நானாகிட்டப் பேசிட்டேன். வேன் வருது. வண்டிய நானே பார்த்துச் சுத்தம் பண்ணித் தாறேன்."

ஸஹாப்தீன் நானா பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். சம்பளக் கிழமையில் பொட்டணத்தோடு தோட்டம் தோட்டமாக வருவார். பின்பக்கம் எஞ்சின் வைத்த ஜெர்மன் வேன் அவருடையது. அவரே ஓட்டுவார், பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார். வேனில் எனக்குக் குறையில்லை. "நானே பார்த்து" என்றானே, அதில்தான் எனக்குப் பயம்.

"நீ ஒண்ணும் பார்க்க வேணாம். நல்லா ஓடுற வண்டி ஓடட்டும்" என்றேன்.

உடனே லயத்துப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். தாய்மாமன் ஆசையாகச் செய்வதைத் தடுக்கலாமா, அவன் மனம் கோணினால் மேடையில் தோடு யார் போடுவது என்று என் வாயை அடைத்தார்கள். எங்கள் வழக்கம் அப்படி. மணமேடை ஏறுமுன் தாய்மாமன் புதுத் தோடு கொண்டுவந்து, தன் கையால் பெண்ணின் காதில் போட்டு, திருகையும் தானே பூட்ட வேண்டும். அது முடியாமல் ஐயர் மணையில் உட்கார விடமாட்டார். அதனால் தாய்மாமன் கழுதையாக இருந்தாலும் கல்யாணம் முடிகிறவரை அவன் குதிரைதான். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். வேன் இராமையாவின் கராஜுக்குப் போனது.

கல்யாணத்தன்று மடுல்சீமையில் பனி கலைகிறதற்கு முன்னே புறப்பட்டோம். முன் ஸீட்டில் நானா பக்கத்தில் இராமையா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. பசறை தாண்டும்வரை எஞ்சினின் சத்தத்தைக் காட்டிக் காட்டிப் பேசினான். "கேட்டீங்களா நானா? வீணை மாதிரி." பதுளையில் நிறுத்தித் தேநீர் குடித்தபோதும் கடைக்காரனிடம் அதையே சொன்னான். வண்டி தெமோதரை தாண்டி ஏற்றம் பிடித்தது. நிறைய ஆட்கள், பலகாரத் தட்டு, சாய்ந்த குத்துவிளக்கு எல்லாம் ஏற்றியிருந்தோம். எஞ்சின் மூச்சு வாங்கியது.

டமார்!

எனக்கு மண்டைக்குப் பின்னால் துவக்கு வெடித்த மாதிரி இருந்தது. வள்ளி என் மடியில் விழுந்தாள். வேன் உதறி உதறி நின்றது.

"டயர்தான்" என்றான் இராமையா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நானா இறங்கி நான்கு டயரையும் காலால் தட்டினார். பின்பக்க மூடியைத் திறந்தார். நெருப்புப் பொறி போடுகிற பிளக்குகளில் ஒன்று, எஞ்சினின் அலுமினியத் தலையில், ஹெட் என்பார்களே, அதில் இருக்க வேண்டிய ஓட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, வயரில் செத்த எலி மாதிரி தொங்கியது. அதைத் துணியால் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கரிந்து போன நார் ஒன்று அதைச் சுற்றியிருந்தது.

"பாஸ், இங்க வாங்க. இது என்ன?"

"எது நானா?"

"பிளக்குல சுத்தியிருக்கிறது."

"அது… சும்மா ஒரு பிடிமானத்துக்கு."

"சணல்! யா அல்லாஹ், தண்ணிப் பைப்புக்குச் சுத்துற சணல்! நெருப்பு எரியிற இடத்துல சணலச் சுத்தி வெச்சிருக்கியே, உன் மூளையில என்னத்தச் சுத்தி வெச்சிருக்கே?" பாஸ் என்பது ஒரு நொடியில் போய்விட்டது.

இராமையா வேட்டியை மடித்துக் கட்டினான். "ஜெர்மன்காரன் ஹெட்ட வெண்ணெயில செஞ்சிருக்கான் நானா. கை வெச்சதும் புரி உருகிப் போச்சு. நான் என்ன பண்ண?"

நான் இறங்கினேன். "டேய், குழாய் போட்டு முறுக்கினியா?"

மடித்த வேட்டியை அவிழ்த்து மறுபடி மடித்தான். ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாய் மாட்டி முறுக்குவது ஸ்டோரில் ரோலர் மெஷினுக்குப் பழகிய பழக்கம். இரும்புக்குச் செய்வதை வெண்ணெய்க்கும் செய்திருக்கிறான்.

"அரைச் சுற்று வெச்சியாடா?"

"ஏத்தத்துல கழலக் கூடாதுன்னுதான் அக்கா…"

"கழலலையே. பறந்துருச்சு. புஷ் போடத் தெரியாதா உனக்கு?"

"தெரியாம என்ன? ஹெட்டக் கழட்டணும். ஒரு நாள் வேலை."

"நேத்து ஒரு நாள் இருந்துச்சேடா!"

அவன் மலையைப் பார்த்தான். பிறகு வந்தது உண்மை, பல்லுக்குள்ளிருந்து. "கடைவீதியில எல்லாரும் பார்ப்பாங்க அக்கா. தாய்மாமன் மருமக கல்யாண வண்டியையே உடைச்சிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

கேட்டீர்களா? பெண் நடுரோட்டில் நிற்கலாம். முகூர்த்தம் போகலாம். ராமலட்சுமி கோயில் வாசலில் நின்று கையை விரிக்கலாம். ஹெட்டைக் கழற்றுவதை மட்டும் தேநீர்க்கடைக்காரன் பார்த்துவிடக் கூடாது. சணலைச் சுற்றும்போது இவன் கை நடுங்கியிருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். நடுங்கியிருக்காது. பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றியிருப்பான்.

நானா பெரிய மனிதர். திட்டி நேரம் கடத்தவில்லை. தொங்கிய வயரை எடுத்து, பொறி எங்கேயும் பறக்காதபடி தூரமாகக் கட்டினார். பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தார். என்னிடம் சொன்னார்:

"தங்கச்சி, மூணு காலு நாயும் ஓடத்தான் செய்யும். மூணு சிலிண்டர்ல போய்ப் பார்ப்போம். சத்தம்தான் மானத்த வாங்கும். ஏத்தம் வந்தா ஆம்பிளைங்க இறங்கித் தள்ளணும். பொண்ணு இறங்க வேணாம்."

வேன் புறப்பட்டது. அடடா, அந்தச் சத்தம்! மூடியில்லாத ஓட்டை வழியாக எஞ்சின் ஒவ்வொரு மூச்சுக்கும் டப், டப் என்று வெடித்தது. எல்ல ஊர் ஏற்றத்தில் ஆண்கள் இறங்கினார்கள். எதிரே வருகிறவர்கள் பார்க்க முன்பக்கம் நின்று தள்ளத் தாய்மாமனுக்கு வெட்கமாக இருந்ததோ என்னவோ, பின்னால் போய் முதுகைக் கொடுத்தான். பிறகு திரும்பி மார்பைக் கொடுத்தான். ஓட்டையும் அந்தப் பக்கம்தான். எஞ்சின் ஒரு டப்புக்கு ஒரு வாய் எண்ணெய்க் கரியை அவன்மேல் துப்பியது. வெள்ளைச் சட்டை, வேட்டி, விபூதி ஒன்றும் தப்பவில்லை. அவன் செய்த ஓட்டையே அவன் முகத்தில் காறித் துப்பியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். அன்றைக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

"மாமா பாவம்மா" என்றாள் வள்ளி.

"பாவமா? இன்னும் ரெண்டு ஏத்தம் இருக்கு. முடியட்டும்."

பண்டாரவளைக் கடைவீதியே வெளியே வந்து பார்த்தது. கடைவீதி பார்க்கக் கூடாது என்றவனை இப்போது வேற்றூர்க் கடைவீதியே பார்த்தது. பூனாகலை ரோட்டில் வெயில் ஏற ஏற நான் நேரத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். கோயில் வளைவு திரும்பியபோது நாதஸ்வரம் நின்று போயிருந்தது. வாசலில் ராமலட்சுமி. பக்கத்தில் ஐயர், வானத்தைப் பார்த்தபடி.

வேன் கடைசியாக இரண்டு வெடி வெடித்து நின்றது. ராமலட்சுமியின் முகம் மலர்ந்தது.

"என்ன சம்பந்தி இது! இந்தப் பஞ்சத்துல வேட்டுப் போட்டுக்கிட்டா வாறீங்க? மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்தே கேட்டுச்சே! இந்த ஐயரு நேரம் போகப் போகுதுன்னு எழும்பிட்டாரு. நாந்தான், வேட்டுச் சத்தம் கேக்குது, வந்துட்டாங்க, ரெண்டு நிமிஷம் பொறுங்கன்னேன்."

"எல்லாம் என் தம்பியோட வேலைங்க" என்றேன். பொய் சொல்லவில்லை.

"சீக்கிரம், சீக்கிரம். தாய்மாமன் தோடு போடட்டும். நேரம் இன்னும் கொஞ்சம்தான் இருக்கு" என்றார் ஐயர்.

இராமையா பைப்பில் கை கழுவிவிட்டு வந்தான். முகத்தில் கரி அப்படியே. தோட்டை எடுத்தான். நல்ல தோடு, அதில் குறை சொல்ல மாட்டேன். புதுப் பொன். பொன்னைவிட மிருதுவான சாமான் உண்டா? கடுகு போல ஒரு திருகு, அதற்குள் மயிரிழைபோலப் புரி. வலது காதில் போட்டுத் திருகைச் சுற்றினான். நின்றது. இடது காதில் போட்டான். சுற்றினான். நின்றது. அவன் மூச்சைப் பிடித்ததை நான் கேட்டேன். பிறந்ததிலிருந்து கேட்கிற மூச்சு அது. விரல் நுனி வெளுத்தது.

"மாமா, காது" என்றாள் வள்ளி.

புரி போனால் தோடு ஊர் முன்னே தரையில் விழும். மணை ஏறுமுன் பெண் காதிலிருந்து பொன் விழுந்தால் அந்த ராமலட்சுமி என்ன சொல்வாள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐயரைத் தள்ளிக்கொண்டு போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடு."

"இன்னும் அரைச் சுற்று அக்கா. கழண்டு விழுந்துரும்."

"அந்த அரைச் சுற்றுதான்டா உன்னோட சனியன். காலையில பட்டது போதாதா? விடுறா கைய."

நாதஸ்வரக்காரன் கூட எங்களைப் பார்த்தான். இராமையாவின் கரி முகத்தில் வியர்வை கோடு போட்டு இறங்கியது. அவன் விரல் திருகின்மேலேயே இருந்தது. ஒரு பக்கம் அவன் பலம், ஒரு பக்கம் என் பிடி. அந்தக் கையை என்னால் அசைக்க முடியாது, அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"போதுமா அக்கா?" என்று கேட்டான்.

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"போதும்."

விட்டான். தோடு நின்றது. வள்ளி மணை ஏறினாள், நேரத்துக்குள் தாலி ஏறியது.

இதோடு திருந்தினான் என்று நினைக்கிறீர்களா? பந்தியிலேயே தொடங்கிவிட்டான். "மூணு சிலிண்டர்ல பூனாகலை ஏத்தினது இந்த மாகாணத்துலேயே நான் ஒருத்தன்தான்" என்று பக்கத்து இலைக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். வேனை ஓட்டின நானா எதிர்ப் பக்கம் தனியாகச் சோறு தின்றுகொண்டிருந்தார். தின்று முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆனால் ஊர் திரும்பியதும் பேசினார். வேனைக் கராஜ் வாசலில், கடைவீதியைப் பார்த்த பக்கம் நிறுத்தச் சொன்னார். ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "ஹெட்ட இங்கேயே கழட்டு இராமையா. உள்ள கொண்டு போகாத" என்றார். மறுவீட்டுக்குச் சாமான் வாங்க வந்த நானும் போய் நின்றேன். போவோர் வருவோர் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவன் எதற்குப் பயந்தானோ அது அவ்வளவும் நடந்தது. யாரும் செத்துப் போகவில்லை.

வேலையைச் சரியாகத்தான் செய்தான். ஓட்டையைப் பெரிதாக்கினான், எண்ணெய் விட்டு விட்டுப் புதுப் புரி வெட்டினான், தூளை ஊதி எடுத்தான், லேத்தில் கடைந்த பித்தளைக் குழலை ஏற்றி விளிம்பைத் தட்டினான். பிளக்கை வெறும் விரலால் கடைசிவரை சுற்றினான். ஸ்பேனரால் ஒரு சின்ன இழுப்பு. அதன்பிறகு அவன் கை பழக்கத்தில் தரையைத் துழாவியது, குழாயைத் தேடி. குழாய் நானாவின் காலுக்கு அடியில் இருந்தது.

அந்த வேன் அதற்குப் பிறகு பல வருஷம் மடுல்சீமை ஏறியது. அதைப் பார்த்துத்தான் அவனிடம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். துரைமார் மோட்டார் சைக்கிள், தோட்டத்துப் பம்பு, டாக்ஸி என்று எல்லாவற்றுக்கும் இராமையாவின் பித்தளைப் புஷ்தான். இத்தனை பேர் மெச்சுகிறார்களே, இவனுக்கு இந்தத் தொழில் எப்படி வந்தது, முதல் ஓட்டையைப் போட்டது யார் என்று ஒருவராவது கேட்டார்களா? மற்றவன் உடைத்ததைச் சரிசெய்கிற மகான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லது.

இப்போதும் தீபாவளிக்கு வருவான். பலகாரம் தின்பான், வள்ளியின் பிள்ளைகளுக்கு வேன் கதை சொல்வான், அதில் சணல் வராது. சணலை நான் சேர்ப்பேன். அவனுக்குப் பிடித்த அதிரசத்தை நானே சுட்டு வைப்பேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதிரசப் போத்தலைத் திறப்பதும் மூடுவதும் நான்தான். அவன் கையை நீட்டினால் போத்தல் என் மடிக்குப் போய்விடும்.